கல்லீரலில் ஆர்ஜினேஸ் கூடியும் பிளாஸ்மா ஏன் அசையவில்லை?

ஆய்வு மாணவி ஒருவர் கேட்கிறார்: “ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை வெட்டும் ஆர்ஜினேஸ்-1 நொதி கல்லீரலில் மட்டும் கூடுதலாக உருவாகும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளை வளர்க்கிறோம். புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் பட்டை நன்றாகத் தடித்திருக்கிறது. ஆனால் பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில், ஆர்ஜினின் சாதாரணச் சுண்டெலிகளில் உள்ளபடியேதான் இருக்கிறது. எங்கே தவறினோம்?”

நீங்கள் தவறியதாகத் தெரியவில்லை. நொதியை வைத்த இடம்தான் அப்படிப்பட்டது. உடலில் ஆர்ஜினேஸ் மிக அதிகமாக இருக்கும் உறுப்பே கல்லீரல்தான். அம்மோனியாவை யூரியாவாக்கும் யூரியா சுழற்சியில் உண்டாகும் ஆர்ஜினினை அது அங்கேயே யூரியாவாகவும் ஆர்னிதினாகவும் வெட்டிவிடும். வெளியே ஏறக்குறைய எதுவும் கசியாது. இரத்தத்திலிருந்து ஆர்ஜினினைக் கல்லீரல் செல் உள்ளே இழுத்துக்கொள்வதும் குறைவு. வாசல் குறுகலாக இருக்கும்போது உள்ளே எத்தனை அரிவாள் வைத்தால் என்ன? கடலில் கரைத்த பெருங்காயம்தான்.

இதே நொதியைக் குடலில் வைத்தால் கதை வேறு. ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் பாருங்கள். சிறுகுடல் உட்சுவர்ச் செல்களில் மட்டும் ஆர்ஜினேஸ்-1 வெளிப்படும்படி செய்தார்கள். பால்குடிக் குட்டிகளில் ஆர்ஜினின் மட்டும் தனியாகச் சரிந்தது. முடி வளர்ச்சி பின்தங்கியது, தசை வளர்ச்சி குன்றியது, நோய் எதிர்ப்புக்கான பி-செல்கள் முதிர்வது தடைபட்டது. பாலில் ஆர்ஜினின் குறைவு என்பதால், பிறந்த குட்டிக்கு வேண்டியதைப் புரோலினிலிருந்தும் குளுட்டமினிலிருந்தும் இந்தச் செல்கள்தான் செய்து தருகின்றன. செய்யும் இடத்திலேயே வெட்டும் நொதியை வைத்தால் உடலுக்கு மிஞ்சுவது என்ன? பால் மறந்த பிறகு இந்தச் செல்கள் ஆர்ஜினினுக்கு முந்தைய படியான சிட்ருலினோடு நிறுத்திக்கொள்ளும். அதைச் சிறுநீரகம் ஆர்ஜினினாக மாற்றும். தீவனத்திலிருந்தும் ஆர்ஜினின் கிடைக்கும். ஆகவே முதிர்ந்த சுண்டெலிகளை மட்டும் அளப்பவர், குட்டிப் பருவத்தில் நடந்ததைத் தவறவிட வாய்ப்புண்டு. உங்கள் கடிதத்தில் வயதைக் குறிப்பிடவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

பட்டை தடித்திருப்பது புரதம் கூடியதற்குச் சான்று, அவ்வளவே. ஆர்ஜினேஸுக்கு மாங்கனீசு வேண்டும். மாங்கனீசு சேர்த்து வெப்பமூட்டிக் கிளர்த்திய பிறகு யூரியா உருவாகும் வேகத்தை அளந்து, நொதி வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சோதனைக் குழாயில் ஆர்ஜினினை மில்லிமோலார் கணக்கில் தாராளமாகக் கொட்டுகிறோம். இரத்தத்திலோ அது லிட்டருக்கு 100 மைக்ரோமோல் அளவில்தான் இருக்கிறது. ஆர்ஜினேஸின் கே.எம். (நொதி பாதி வேகத்தை எட்டத் தேவையான ஆர்ஜினின் செறிவு) மில்லிமோலார் வரம்பில் இருப்பதால், உயிருள்ள விலங்கில் நொதி தன் முழு வேகத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் எட்டும். குழாயில் 10 மடங்கு என்பதால் உடலிலும் 10 மடங்கு என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொன்று: பிளாஸ்மா அளவு என்பது ஏரியின் நீர்மட்டம். மதகை அகலத் திறந்தாலும் வரத்தும் சேர்ந்து கூடினால் மட்டம் அப்படியே நிற்கும். இரத்தத்துக்குள் வரும் ஆர்ஜினினில் பெரும்பகுதி உடல் புரதங்கள் சிதைவதால் வருவது. ஓட்டத்தையே அறிய வேண்டுமானால் கன ஐசோடோப்பு (எடை கூடிய அணு) அடையாளமாக ஏற்றிய ஆர்ஜினினை மெதுவாகச் செலுத்திப் பார்க்க வேண்டும். வசதியில்லையென்றால், ஆர்னிதின், சிட்ருலின் இரண்டின் கூட்டுத்தொகையால் ஆர்ஜினினை வகுத்த விகிதமாவது போடுங்கள். தனி அளவில் தெரியாத நகர்வு அதில் தெரியக்கூடும்.

இரத்தம் எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். சுண்டெலி இரவில் தின்னும் பிராணி. காலை 9 மணி மாதிரியையும் மாலை 5 மணி மாதிரியையும் ஒரே குழுவில் கலந்தால், தீவனத்தின் விளைவை மரபணுவின் விளைவென்று எழுதிவிடுவீர்கள். எடுத்த உடனே பனிக்கட்டியில் வைத்து, பிரித்து, சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தால் புரதத்தை நீக்குங்கள். தாமதித்தால் குளுட்டமின் இறங்கிக் குளுட்டமேட் ஏறும். சிவப்பணு உடைந்து சிவந்துபோன பிளாஸ்மாவைத் தயங்காமல் ஒதுக்குங்கள். ஒப்பீட்டுக்குக் கடையில் வாங்கிய சுண்டெலி வேண்டாம். அதே ஈற்றில் பிறந்த, மரபணு ஏறாத உடன்பிறப்புகள் வேண்டும்.

ஒரே மரபுவழியை நம்பியிருந்தால் இன்னொன்றையும் தேடுங்கள். நுழைத்த மரபணு எங்கோ போய் உட்கார்ந்து வேறு மரபணுவைக் கெடுத்திருக்கலாம். தனித்தனியாக உருவான இரண்டு வழிகளிலும் அதே முடிவு வந்தால், “கல்லீரலில் ஆர்ஜினேஸைக் கூட்டினாலும் பிளாஸ்மா ஆர்ஜினின் மாறவில்லை” என்று தாராளமாக எழுதலாம். அதுவும் வெளியிடத் தகுந்த முடிவுதான். வழிகாட்டி முகம் சுளித்தாலும்.