வாசகர் கேள்வி: பதில்கள்

கேள்வி: மூன்றாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பாடம் எடுக்கிறேன். இணையத்தில் இறக்கிய பயிற்சித்தாள்கள் குவிந்து கிடக்கின்றன, பிள்ளைகள் நிரப்பித் தருகிறார்கள், ஆனால் மனதில் எதுவும் நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தக் குவியலில் பாதியைத் தூக்கிப் போடுங்கள். கோடிட்ட இடத்தை நிரப்புவது பெரும்பாலும் பழகியதைச் சரிபார்க்கத்தான் உதவும், புதிதாகப் புரியவைக்காது.

எட்டாம் வகுப்புக்கு ஒரு நூல் போதும். 4.6 மீட்டர் நீளத்துக்கு வெட்டி, ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடி ஆண்டு என்று வைத்தால் பூமியின் வயது முழுவதும் அதில் அடங்கிவிடும். டைனோசர்கள் அழிந்தது முடிவிலிருந்து 6.6 சென்டிமீட்டரில் வரும், மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டுகளோ 0.3 மில்லிமீட்டர்தான், பேனாவால் புள்ளி வைத்தாலே அதைவிடப் பெரிதாகிவிடும். அந்த இடத்தில் வகுப்பு தானாகவே பேச ஆரம்பிக்கும், நீங்கள் சும்மா நின்றால் போதும்.

சின்னவர்களுக்குக் காகிதப் பட்டைகள். ஒரே நீளத்தில் வெட்டி, ஒன்றை இரண்டாகவும் இன்னொன்றை மூன்றாகவும் அவர்களே மடிக்கட்டும் (மூன்றாக மடிப்பது கோணலாகத்தான் வரும், பரவாயில்லை). அரை பெரிதா, மூன்றில் ஒன்று பெரிதா என்று கேளுங்கள். மூன்று பெரிய எண் என்பதால் மூன்றில் ஒன்றுதான் பெரிது என்று சொல்கிற பிள்ளை நிச்சயம் இருக்கும். நீங்கள் திருத்த வேண்டாம், இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் வேண்டுமானால் ஒரு பயிற்சித்தாள் கொடுங்கள்.