எல்லாத்துக்கும் ஒரு ‘கெட்’

பாலக்கோட்டுத் தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தாள்: “அக்கா, இங்கிலாந்தில் லீட்ஸ் வந்து இரண்டு மாசம் ஆச்சு. வார்டு நர்ஸ் வேலை. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் கேட்டல் பகுதியில் 7 எடுத்துத்தான் வந்தேன். ஆனால் இங்கே யார் வாயைத் திறந்தாலும் கெட் (get), காட் (got) என்கிறார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. நேற்று ஒரு தாத்தா ‘ஐவ் காட் டு கோ’ என்றார். எங்கே என்று கேட்டேன், முறைத்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்றால் ‘கெட்டிங் தேர்’ என்றார். அவரிடமும் எங்கே என்றுதான் கேட்டேன். இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம்?”

முதலில் அந்தத் தாத்தா. அவருக்குப் பாத்ரூம் போக வேண்டும், அவசரமாக. ‘காட் டு’ என்றால் ‘செய்தே ஆக வேண்டும்’. வார்டில் அது காதில் விழுந்தால் கேள்வி கேட்காதே, கமோடு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடு. இரண்டாமவருக்கு அப்புறம் வருகிறேன்.

நான் லீட்ஸில் 16 வருஷமாக நர்ஸ். இப்போது லீவில் அரூர் வந்திருக்கிறேன். புது வீட்டுக்குப் பூச்சு வேலை நடக்கிறது, சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வந்த புதிதில் எனக்கும் காதில் ‘கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சு’ என்றே விழுந்துகொண்டிருந்தது. வார்டில் என்ன கெட்டுப்போச்சோ என்று பயம்.

உன் சிக்கலில் பாதி காதுச் சிக்கல். லீட்ஸ் பக்கம் ‘கெட்’டுக்குப் பின்னால் உயிரெழுத்து வந்தால் ‘ட்’ போய் ‘ர்’ வந்துவிடும். ‘கெட் அப்’ அவர்கள் வாயில் ‘கெரப்’. ‘கெட் ஆஃப்’ என்பது ‘கெரொஃப்’. லண்டன்காரர்களோ அந்த ‘ட்’டைத் தொண்டையிலேயே விழுங்கிவிடுவார்கள். நான் படித்த காலத்துப் பயிற்சி ஒலிப்பதிவுகளில் இப்படி யாரும் பேசியதில்லை.

இதில் நான் பட்ட அவமானம் ஒன்று. டீ நேரத்தில் ஒரு பெரியம்மாவிடம், எங்கள் ஊர்ப்பக்கம் ஓசூரில் காய்கறி விற்பவர்கள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவார்கள், ஒருவரும் இலக்கணம் படித்ததில்லை என்று சொன்னேன். அவர் கண்ணை விரித்து “கெராவே!” என்றார். ‘கெட் அவே’, அதாவது தள்ளிப் போ என்கிறார் என்று நினைத்து, டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அது ‘அட, நிஜமாவா!’ என்கிற ஆச்சரியமாம். அவரே தேடி வந்து, என்ன கோபம் என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

சரி, அர்த்தத்துக்கு வருவோம். அகராதியில் எண்ணிப் பார்க்காதே, தலை சுற்றும். நம் ‘எடு’வை நினைத்துப் பார். தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம், பரீட்சையில் மார்க் எடுக்கிறோம், பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறோம், பசி எடுக்கிறது, போன் அடித்தால் எடுக்கிறோம். ‘எடு’ என்றால் தூக்கு என்று மட்டும் படித்த வெள்ளைக்காரன் நம் ஊரில் என்ன பாடுபடுவான்! ‘கெட்’டில் ஒரு பகுதி இதேதான். கதவு தட்டினால் ‘ஐல் கெட் இட்’, நான் போய்த் திறக்கிறேன். டாக்டரைக் ‘கெட்’ பண்ணு என்றால் கூட்டிக்கொண்டு வா. புரிந்ததா என்பதற்கும் ‘டிட் யூ கெட் தட்?’

இன்னொரு பகுதி ‘ஆகிறது’. சாப்பாடு ஆறுகிறது, வலி கூடுகிறது, இருட்டுகிறது, எல்லாம் ‘கெட்டிங்’. வார்டில் இதைத்தான் நீ உஷாராகக் கேட்க வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் ‘ஷி இஸ் கன்ஃப்யூஸ்ட்’ என்றால், பாட்டிக்கு மறதி ஏற்கெனவே இருப்பதாகக்கூட இருக்கலாம். ‘ஷி இஸ் கெட்டிங் கன்ஃப்யூஸ்ட்’ என்றால் இப்போது மாறிக்கொண்டு வருகிறது. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று பார்க்க நீ தினம் நிரப்பும் நியூஸ்2 அட்டவணையில் பழைய மறதிக்குப் புள்ளி இல்லை, புதிதாக வந்த குழப்பத்துக்கு 3 புள்ளி. அந்தக் ‘கெட்டிங்’கைக் கோட்டை விட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரத்தைக் கோட்டை விடுவாய்.

‘கெட் ஆஃப்’, ‘கெட் டு’, ‘கெட் பை’ எல்லாம் கேட்கக் கேட்க ஒட்டிக்கொள்ளும். ‘வாட் டைம் டு யூ கெட் ஆஃப்?’ என்றால் ஷிஃப்ட் எப்போது முடியும் என்று கேட்கிறார்கள், பஸ்ஸில் இறங்குவது இல்லை.

நம் ஆட்கள் வருஷக்கணக்காகத் தடுக்கி விழும் இடம் வேறு. சலூனுக்குப் போய்விட்டு வந்து ‘முடி வெட்டினேன்’ என்கிறோம் இல்லையா? தமிழில் வெட்டியவரைச் சொல்லவே தேவையில்லை. அதையே ‘ஐ கட் மை ஹேர்’ என்று நான் ஒரு திங்கட்கிழமை சொன்னேன். கூட வேலை செய்தவள் என் பின்னந்தலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நீயேவா? பின்பக்கம்கூட நல்லா வெட்டியிருக்கியே” என்றாள். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்றிருக்க வேண்டும். முடியை நடுவில் வைத்துவிட்டால், வெட்டியது வேறு ஆள் என்று ஆகிவிடும். வீடு கட்டுகிறேன் என்று சொன்னபோதும் இதே கதை. ஒருத்தி என் கையைப் பிடித்துக் காய்ப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். மேஸ்திரி, சித்தாள், சென்ட்ரிங்காரர் எல்லாரையும் நம் ‘கட்டுகிறேன்’ தனக்குள் மறைத்து வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ஆள் வைத்துச் செய்கிறேன் என்று காட்ட ‘கெட்’ வேண்டும்.

அடிபட்டான், மாட்டிக்கொண்டான் என்பதற்கும் ‘காட்’தான். நம்மிடம் அதற்குப் ‘படு’ இருக்கிறது. நம் பக்கத்துத் தெலுங்கிலும் கன்னடத்திலும் பயப்படுவதற்குக்கூட அதே ‘படு’தான், சந்தையில் கேட்டிருப்பாய்.

இந்தச் சொல் அசல் ஆங்கிலம்கூட இல்லை. டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் 866-இல் யார்க் நகரைப் பிடித்து அங்கேயே குடியேறினார்களே, அந்த நார்ஸ் மொழிக்காரர்களின் ‘கெட்டா’ என்கிற சொல்லிலிருந்து வந்தது. யார்க் லீட்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம். வந்தேறிகள் கொண்டுவந்த சொல்லைத்தான் நம்மைப் போன்ற வந்தேறிகளுக்குப் புரியவில்லை என்று சிரிக்கிறார்கள்.

அமெரிக்க சீரியல் பார்த்து ‘காட்டன்’ (gotten) என்று பழகிவிடாதே, இங்கே ‘காட்’தான். கேஸ் நோட்டில் எழுதும்போது ‘கெட்’டே வேண்டாம். ‘ரிசீவ்ட்’, ‘பிகேம்’ என்று எழுது. பேச்சில் பத்துப் பொருள் தரும் சொல் ரெக்கார்டில் ஏறினால் வம்பு.

அந்தக் ‘கெட்டிங் தேர்’காரர் எங்கேயும் போகவில்லை. இப்போது என் வீட்டு மேஸ்திரியிடம் பூச்சு எப்போது முடியும் என்று கேட்டேன். கரண்டியைக் கீழே வைக்காமலே, “ஆயிட்டே இருக்குதுங்க” என்றார். அதேதான்.