பழனி மலைப்பக்கம் ஆட்டுக்கு ஏன் பரண் போட்டு கொட்டகை கட்டுறாங்க?

பரண் கொட்டகைன்னா, தரையிலருந்து ஒரு நாலடி உசரத்துல கால் நட்டு, மேல மரச்சட்டத்தை அரை இன்ச் இடைவெளி விட்டு அடிச்ச தளம், ஆடு அதுமேல படுக்கும், புழுக்கையும் மூத்திரமும் கீழ விழுந்துரும். தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில மண்தரை காயவே காயாது, அந்த ஈரத்துல மூத்திரம் ஊறி அமோனியா நெடி கிளம்பும், அந்த நெடியில சளி புடிக்கும், ஈரத்துல குளம்பு அழுகும், குட்டிக்கு ரத்தக்கழிச்சல் வரும். கழுவின பாத்திரத்தை கம்பிக்கூடையில கவுத்து வைக்கிறோம்ல, தண்ணி வடிஞ்சு அடியில காத்து போகும், அதே மாதிரிதான் இதுவும்.

சட்டத்துக்கு நடுவுல இடைவெளிய மட்டும் கூட்டிராதீங்க, குட்டியோட கால் மாட்டி ஒடிஞ்சா பாக்கவே மனசு தாங்காது. பெரிய ஆடு ஒண்ணுக்கு 10-15 சதுர அடி வேணும். அடியில சேர்ற புழுக்கை காபித் தோட்டத்துக்கு அருமையான எரு.



மலைக்குளிருன்னு பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடுறாங்க பாருங்க, அது தப்பு, சாரல் அடிக்கிற பக்கம் மறைச்சா போதும், காத்தோட்டம் நின்னா பரண் மேலயும் அதே சளி வரும்.