கணினி கேள்வி – பதில்: கிராபிக்ஸ் கார்டு ஃபேன் நின்றுபோனால்

பழைய கிராபிக்ஸ் கார்டுகளின் ஃபேன் பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1060. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் இரண்டு ஃபேனும் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகின்றன. ஃபேன் போய்விட்டதா? – வாசகர், ஈரோடு

பெரும்பாலும் இல்லை. 2014-க்குப் பிறகு வந்த பல கார்டுகளில், சிப்பின் சூடு ஏறத்தாழ 50 முதல் 60 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை ஃபேனை நிறுத்தியே வைக்கும் ஏற்பாடு உண்டு. டெஸ்க்டாப்பில் சும்மா இருக்கும்போது சுற்றாமல் இருப்பது பழுது அல்ல.

சோதித்துப் பார்க்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளைத் திறந்து, ஃபேன் வேகத்தின் பக்கத்தில் உள்ள ‘ஆட்டோ’வை அணைத்து, 60 சதவீதம் வைத்து ‘அப்ளை’ கொடுங்கள். இரண்டும் சுற்ற வேண்டும். திரையில் காட்டும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கேபினட் கதவைத் திறந்து கண்ணால் பாருங்கள். இரண்டு ஃபேன் உள்ள பல கார்டுகளில் ஒரு ஃபேனின் வேகம் மட்டுமே கார்டுக்குத் தெரியும். மற்றது நின்றே கிடந்தாலும் எண் சரியாகத்தான் வரும்.

ஆர்எக்ஸ் 580 கார்டு. ஒரு ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டது. இப்போது தானாகத் தொடங்குவதில்லை, குச்சியால் தட்டிவிட்டால் சுற்றுகிறது. எண்ணெய் விட்டால் போதுமா, மாற்ற வேண்டுமா? – வாசகர், மதுரை

தட்டிவிட்டால் சுற்றுகிறது என்றால் மின்சாரம் வருகிறது, மோட்டாரும் உயிரோடு இருக்கிறது. உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் ஸ்லீவ் பேரிங்கில் எண்ணெய் வற்றி, ஷாஃப்ட் (அந்தத் தண்டு) இறுகியிருக்கிறது. எண்ணெய் விடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: இறக்கையின் விளிம்பைப் பிடித்து மெல்ல அசையுங்கள். தெளிவாக ஆட்டம் தெரிந்தால் பேரிங்கின் துளையே தேய்ந்து அகன்றுவிட்டது. அதற்கு எண்ணெய் சில வாரச் சமாதானம்தான். புது ஃபேன் வாங்குவதே சரி.

ஆட்டம் இல்லையென்றால் எண்ணெய் விடலாம். சில ஃபேன்களில் மோட்டார் பக்கத்து ஸ்டிக்கரை உரித்தால் துளையோ ரப்பர் மூடியோ இருக்கும். துளை இல்லாதவற்றில் பலவற்றின் இறக்கை நேராக மேலே இழுத்தால் கழன்று வரும். இரு பக்கமும் சமமாகப் பிடித்து இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் ஷாஃப்ட் வளையும், பிறகு அந்த ஃபேன் அதிர்ந்துகொண்டேதான் ஓடும். கறுத்த பிசுக்கைப் பஞ்சால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு. கூடுதலாக விட்டால் சுழலும்போது சிதறி ஹீட்சிங்க்கில் (சிப்பின் சூட்டை வாங்கும் உலோகத் தகடுகள்) படியும், அதில் தூசி ஒட்டும். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டுமுன் அந்த இடத்தை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பசை பிடிக்காது.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். சுமார் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். சூட்டில் நாளாக நாளாகப் பிசின்போல ஆகிவிடும். டபிள்யூடி-40 ஸ்ப்ரேயும் இதற்கு ஆகாது. அது இருக்கிற எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போய்விடும். முதல் நாள் அருமையாகச் சுற்றும், பிறகு முன்பைவிட மோசமாகும்.

மாற்றுவதென்றால் கார்டின் பெயரைச் சொல்லி ஃபேன் வாங்காதீர்கள். ஒரே ஆர்எக்ஸ் 580-ஐ ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமான ஃபேன் போட்டு விற்றன. ஒரே கம்பெனியிலும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி மாறியதுண்டு. பழைய ஃபேனைக் கழற்றி, மோட்டார் மையத்தில் உள்ள லேபிளைப் படியுங்கள். டி128010எஸ்யூ, டி129215எஸ்யூ என்பதுபோல ஒரு எண்ணும், 12 வோல்ட், இத்தனை ஆம்பியர் என்றும் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். அதோடு மூன்று அளவுகள் எடுங்கள்: இறக்கையின் விட்டம், ஸ்க்ரூ துளைகளுக்கு இடையேயான தூரம் (மையத்திலிருந்து மையம்), ஒயரின் நீளம். துளைத் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் ஸ்க்ரூ உட்காராது. இரண்டு ஃபேனும் எதிரெதிர்த் திசையில் சுற்றும் கார்டுகளும் உண்டு. இறக்கையின் வளைவு எந்தப் பக்கம் என்று பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டில் இருப்பது 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள சிறிய சாக்கெட். மதர்போர்டு ஃபேனின் 2.54 மில்லிமீட்டர் கனெக்டர் அதில் நுழையாது.

இரண்டு ஃபேன் ஒரே கனெக்டரில் சேர்ந்திருந்தால் ஜோடியாகவே வாங்கிவிடுங்கள். ஒன்று தேய்ந்திருந்தால், அதே நேரம் ஓடிய மற்றதும் வரிசையில் நிற்கிறது. ஒயரின் நிறத்தை நம்பி இணைக்கக் கூடாது. கிரவுண்ட், 12 வோல்ட், வேகத் தகவல், பிடபிள்யூஎம் (வேகத்தை மாற்றும் கட்டளை) என்ற வரிசை பரவலாக உண்டு என்றாலும், பழைய கனெக்டரில் எந்த இடத்தில் எது என்று பார்த்துத்தான் புதியதைச் செருக வேண்டும்.

ஃபேனை மாற்ற ஹீட்சிங்க்கையும் கழற்ற வேண்டுமா? – வாசகர், திருச்சி

கார்டைப் பொறுத்தது. சிலவற்றில் மேலே உள்ள பிளாஸ்டிக் மூடி, பக்கவாட்டில் சிறு ஸ்க்ரூக்களால் ஹீட்சிங்க்கோடு பிணைந்திருக்கும். அதை எடுத்தாலே ஃபேன் கைக்கு வரும். ஃபேன் ஒயரை இழுக்காமல், கனெக்டரின் பிளாஸ்டிக்கைப் பிடித்துக் கழற்றுங்கள். அப்படி வழி இருந்தால் ஹீட்சிங்க்கைத் தொடாதீர்கள்.

வேறு சிலவற்றில் மூடியின் ஸ்க்ரூ ஹீட்சிங்க்குக்கு அடியில் இருக்கும். அப்போது கார்டின் பின்புறம் சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்ப்ரிங் ஸ்க்ரூக்களைக் குறுக்காக, சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே சூட்டைக் கடத்தத் தடவிய பழைய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம். சிப்பின் மூலை உடைந்தால் கார்டு அத்தோடு முடிந்தது. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கார்டை ஓட்டிச் சூடாக்கி, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றுங்கள். ஹீட்சிங்க்கை இட வலமாக மெல்லத் திருகினால் பேஸ்ட் விட்டுவிடும்.

பேஸ்ட் புதிதாகத்தான் போட வேண்டும், பட்டாணி அளவு. மெமரி சிப்களின் மேலுள்ள ரப்பர் போன்ற தெர்மல் பேடு கிழிந்தால், அதே தடிமனில் மாற்றுங்கள். 0.5, 1, 1.5, 2 மில்லிமீட்டர் என்று விற்கின்றன. தடிமன் கூடிவிட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு நிற்கும், சிப்பின் மேல் சரியாகப் படியாது. கேம் தொடங்கிய சில நொடிகளிலேயே சூடு 90-ஐத் தொட்டால் பேடையும் ஸ்க்ரூவையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

புது ஃபேன் வரும்வரை ஒரு ஃபேனோடு ஓட்டலாமா? ஜிடிஎக்ஸ் 1060-இல் சூடு 80-க்குள்தான் காட்டுகிறது. – வாசகர், சேலம்

ஓட்டலாம், ஆனால் அந்த 80-ஐ வைத்து நிம்மதி அடையாதீர்கள். அது சிப்பின் சூடு மட்டும். இந்த சிப்புக்கு என்விடியா குறிப்பிடும் உச்ச வரம்பு 94 டிகிரி. 83-ஐ நெருங்கும்போதே கார்டு வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். சிப்புக்கு மின்சாரம் தரும் மாஸ்ஃபெட்டுகளின் சூட்டைப் பல கார்டுகள் காட்டுவதே இல்லை. நின்ற ஃபேன் அவற்றின் மேலே இருப்பதாக இருந்தால், திரையில் எல்லாம் நலமாகத் தெரியும்போதே அவை வெந்துகொண்டிருக்கும்.

ஆஃப்டர்பர்னரில் ‘பவர் லிமிட்’டை 70 சதவீதமாக்குங்கள். 120 வாட் கார்டு சுமார் 84 வாட்டோடு நிற்கும்; கேமில் வேகம் குறைவது அந்த அளவுக்கு இருக்காது. கேமில் ஃபிரேம் வரம்பை நொடிக்கு 60 என்று வையுங்கள். ஓடுகிற ஃபேனை 80 சதவீதத்தில் நிலையாக வைத்துவிடுங்கள், சத்தம் வந்தாலும் பரவாயில்லை. கார்டை முழுச் சுமையில் ஓட்டும் ஃபர்மார்க் போன்ற சோதனை மென்பொருள்களை இந்த நிலையில் ஓட்டக் கூடாது. இரண்டும் நின்றுவிட்டால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, பிராசஸரிலேயே டிஸ்ப்ளே வசதி இருந்தால் அதில் வேலை பாருங்கள்.

ஃபேன் எங்கும் கிடைக்கவில்லை. சாதாரண கேபினட் ஃபேனைக் கட்டிவிடலாமா? – வாசகர், நாகர்கோவில்

தாராளமாக. பார்க்க அழகாக இருக்காதே தவிர, பல நேரம் பழையதைவிட நன்றாகவே குளிர்விக்கும். பிளாஸ்டிக் மூடியையும் பழைய ஃபேனையும் எடுத்துவிட்டு, ஹீட்சிங்க்கின் நீளத்தைப் பொறுத்து 92 மில்லிமீட்டர் அல்லது 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டை நைலான் டையால் கட்டுங்கள். டை, ஹீட்சிங்க்கின் செப்புக் குழாயையோ விளிம்பையோ பற்றட்டும்; சுற்றும் இறக்கையில் டையின் வால் உரசாமல் வெட்டிவிடுங்கள். ஃபேனில் ஸ்டிக்கரும் நான்கு கால்களும் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அது ஹீட்சிங்க்கைப் பார்க்க வேண்டும். வழக்கமான ஃபேன் 25 மில்லிமீட்டர் தடிமன். கீழே இன்னும் ஒன்றிரண்டு ஸ்லாட் மறையும். இடம் இல்லையென்றால் 15 மில்லிமீட்டர் மெல்லிய ரகம் பாருங்கள்.

மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சிறிய கனெக்டரிலிருந்து சாதாரண நான்கு பின்னுக்கு மாற்றும் ஒயர் கிடைத்தால், கார்டே வேகத்தைக் கட்டுப்படுத்தும். புது ஃபேன்களின் மொத்த ஆம்பியர், பழைய ஃபேன்களின் மொத்தத்தைத் தாண்டக் கூடாது. நான்கு பின் ஃபேனாகவே வாங்குங்கள். மூன்று பின் ஃபேனை அங்கே மாட்டினால் எப்போதும் முழு வேகத்தில் ஓடும். ஒயர் கிடைக்காவிட்டால் மதர்போர்டில் இணைக்கலாம். ஆனால் மதர்போர்டு பிராசஸரின் சூட்டைப் பார்த்துத்தான் வேகத்தை ஏற்றி இறக்கும், கார்டு கொதித்தாலும் அதற்குத் தெரியாது. பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) 60–70 சதவீதம் என்று நிலையாக வைத்துவிடுங்கள். அல்லது விண்டோஸில் ‘ஃபேன்கன்ட்ரோல்’ என்ற இலவச மென்பொருளில் கார்டின் சூட்டை அடிப்படையாகக் கொடுங்கள்.

ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது. மென்பொருளில் குறைத்தாலும் கேட்பதில்லை. – வாசகர், புதுச்சேரி

நான்கு பின் ஃபேன் என்றால் பிடபிள்யூஎம் ஒயர் அறுந்தோ, பின் சரியாக உட்காராமலோ இருக்கும். கட்டளை வராத ஃபேன் முழு வேகத்தில்தான் ஓடும். கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சரியாகாவிட்டால் மல்டிமீட்டரில் அந்த ஒயரின் இரு முனைக்கும் தொடர்ச்சி இருக்கிறதா என்று சோதியுங்கள்.