முதல் எச்-ஐ விழுங்காதீர்கள்

கேள்வி: நீளமான ஆங்கிலச் சொற்கள் பலவற்றில் ஒரே எழுத்து வரிசை திரும்பத் திரும்ப வருகிறதே, அப்படிப்பட்ட சொற்கள் எவை? எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

நீங்கள் ஸ்பெல்லிங் போட்டிக்கோ குறுக்கெழுத்துக்கோ தயாராகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்த மாதிரிக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு விதமான பதில்தான் வரும். ஒன்று, ‘ஷன்’, ‘நெஸ்’, ‘ஆலஜி’ என்று முடியும் சொற்களைப் பக்கம் பக்கமாக அடுக்குவது. இன்னொன்று, நியூமோனோஅல்ட்ரா என்று தொடங்கும் அந்த 45 எழுத்துச் சொல்லை எடுத்து வீசுவது. அது 1935இல் அமெரிக்கப் புதிர் விளையாட்டுக்காரர்கள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், நீளம் வேண்டும் என்பதற்காகவே ஒட்டிச் செய்த சொல். நான் பல வருடம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன், அதாவது டாக்டர்கள் ஒலியில் பதிந்து அனுப்பும் அறிக்கைகளை டைப் செய்யும் வேலை பார்த்தவன். எந்த டாக்டரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. அந்தத் தூசி நுரையீரல் நோயை சிலிகோசிஸ் என்பார், அடுத்த நோயாளிக்குப் போய்விடுவார்.

என் பதில் நான்கே எழுத்து: பி, எச், டி, எச். தமிழில் எழுதினால் எந்த பி, எந்த டி என்று குழம்பும். பேப்பரின் பி, டீயின் டி. கண் மருத்துவமான ஆஃப்தல்மாலஜி, தொண்டை அடைப்பானான டிஃப்தீரியா, அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலீன், வைட்டமின் ஏ குறைந்து கண் வறண்டுபோகும் ஸீராஃப்தால்மியா, இரண்டு உயிரொலி சேர்ந்து வரும் டிஃப்தாங், எல்லாவற்றிலும் இந்த நான்கும் இதே வரிசையில் நிற்கும். கிரேக்கத்தில் இது இரண்டே எழுத்து: ஃபை, தீட்டா. லத்தீனில் ஒவ்வொன்றையும் இரண்டிரண்டு எழுத்தாக எழுதினார்கள், ஆங்கிலம் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே பலர் ‘ஆப்’, ‘டிப்’ என்றுதான் சொல்கிறார்கள். காதில் விழாத முதல் எச், எழுதும்போதும் காணாமல் போய்விடுகிறது.

இதில் உனக்கு ஏன் இவ்வளவு ஆவேசம் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கண் டாக்டரின் டிக்டேஷன்கள் தொடர்ந்து எனக்கு வந்தன. விழியின் உட்புறத்தைப் பார்க்கும் ஆஃப்தல்மாஸ்கோப், 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உருவாக்கிய கருவி, அவர் அறிக்கைகளில் பத்திக்குப் பத்தி வரும். நான் எழுத்து எழுத்தாக அடித்து அனுப்பினேன். திரும்பி வந்த ஃபைலில், குவாலிட்டி பார்க்கும் சீனியர் எல்லா இடத்திலும் முதல் எச்-ஐ நீக்கி, ஒவ்வொன்றுக்கும் மார்க் குறைத்திருந்தார். அகராதியை எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் விரித்து வைத்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. “இத்தனை நாளா இப்படித்தானே அனுப்புறோம், கிளையண்ட் ஒண்ணும் சொல்லலையே” என்றார்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அங்கே எல்லோரும் ஒரே பொதுக் கோப்போடு எக்ஸ்பாண்டர் என்ற மென்பொருளை வைத்திருந்தார்கள். ஓ, பி, எச் என்று மூன்று எழுத்து தட்டி ஸ்பேஸ் பாரை அழுத்தினால் முழுச் சொல்லும் வந்து விழும். யாரோ ஒருவர் என்றைக்கோ அந்தப் பொதுக் கோப்பில் ஒரு எச் குறைவாக ஏற்றிவிட்டார். சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு வந்திருக்குமே என்பீர்கள். அந்தத் தொல்லை வேண்டாம் என்று தவறான சொல்லையே ‘அகராதியில் சேர்’ கொடுத்து வைத்திருந்தார்கள். ஆக, அந்தக் கட்டடத்தில் தவறு சரியாகவும் சரி தவறாகவும் இருந்தது. மறுநாள் கோப்பில் அந்த வரி சத்தமில்லாமல் திருத்தப்பட்டிருந்தது. என் மார்க் மட்டும் திரும்பி வரவே இல்லை.

‘ஒரு எழுத்துக்கு இவ்வளவு அலப்பறையா’ என்று சொல்ல நினைப்பவர்களுக்கு: அது ஒரு நோயாளியின் ஆவணம். பின்னால் யாராவது சரியான ஸ்பெல்லிங்கில் தேடினால் தவறாக எழுதியது சிக்காது. அவ்வளவுதான், நான் ஒன்றும் இலக்கணப் போலீஸ் இல்லை.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே எங்களுக்கு வரிக்கணக்கில்தான் கூலி. இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி. ஆஃப்தல்மாலஜிஸ்ட் என்பது 15 எழுத்து, எக்ஸ்பாண்டரில் மூன்றே தட்டு. நீளச் சொல் என்றால் கசக்குமா? பிறகு ஒலியைத் தானே எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது. “இனி நீங்கள் டைப் செய்ய வேண்டாம், எடிட் செய்தால் போதும்” என்று சொல்லி வரிக்கான கூலியைப் பாதியாக்கினார்கள். அந்த மென்பொருள் நீளச் சொற்களைச் சுத்தமாக எழுதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘வலி இல்லை’ என்று டாக்டர் சொன்னதில் ‘இல்லை’யை விழுங்கிவிடும். அதைப் பிடிக்க முழு ஆடியோவையும் கேட்டாக வேண்டும். பழைய நேரமேதான் ஆகும், காசு மட்டும் பாதி. இதைக் கேள்வி கேட்டவர்களுக்கு வேலை குறைந்தது. சரி, விடுங்கள், உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நினைவில் வைக்க நான் செய்வது, சொல் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. பள்ளி ஆய்வகத்தில் காரத்தில் இளஞ்சிவப்பாக மாறுமே ஃபினாஃப்தலீன், அதுவும் 15 எழுத்து. நடுவில் எல், பி, எச், டி, எச் என்று ஐந்து மெய்யெழுத்து வரிசையாக வரும், பார்த்தாலே பயமாக இருக்கும். ஆனால் கதை எளிது. 1836இல் ஒகஸ்ட் லோரான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் நாஃப்தலீனிலிருந்து ஓர் அமிலம் எடுத்து நாஃப்தலிக் என்று பெயர் வைத்தார். அதன் அமைப்பு அவர் நினைத்தது இல்லை என்று பிறகு தெரிந்தது. முன்னால் இருந்த ‘நா’வை வெட்டிவிட்டார். மிச்சம் இருந்தது தாலிக். அதனால்தான் அது நேராக பி, எச், டி, எச் என்றே தொடங்குகிறது. 1871இல் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் அதன் நீரிலியை (நீர் நீக்கிய வடிவத்தை) ஃபினாலோடு சேர்த்தார். ஃபினாலின் கடைசி எல், தாலிக்கின் முதல் நான்கு, ஐந்தும் வந்துவிட்டதா? வாய் அந்த எல்-ஐ விட்டுவிடுகிறது, கை விடக்கூடாது. நீலச் சாயமான தாலோசயனினும் இதே குடும்பம்தான்.

டிஃப்தீரியாவில் ஒட்டு இல்லை, தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. தொண்டையில் தோல் போலப் படலம் படர்வதைப் பார்த்து பிரெஞ்சு மருத்துவர் பிரெட்டன்னோ 1826இல் வைத்த ‘டிஃப்தெரிட்’ என்ற பெயரிலிருந்து வந்தது.

இன்னொரு வரிசை, இரண்டு ஆர், ஓர் எச். ரத்தப்பெருக்கான ஹெமரேஜ், வயிற்றுப்போக்கான டயரியா, இதயத் துடிப்பு தாறுமாறாகும் அரித்மியா. கிரேக்கத்தில் ஆர் ஒலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் ஏதாவது ஒட்டினால் அந்த ஆர் இரட்டிக்கும். ஆனால் இதே மூன்று எழுத்து வரும் சிரோசிஸ் இந்தக் கணக்கில் வராது. கல்லீரலின் பழுப்பு மஞ்சள் நிறத்தைப் பார்த்து பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் 1819இல் வைத்த பெயர் அது; எதுவும் இரட்டிக்கவில்லை, நிறத்துக்கான கிரேக்கச் சொல்லே அப்படி.

அடுத்த வரிசை பி, டி. ஹெலிகாப்டரை ‘ஹெலி’, ‘காப்டர்’ என்று உடைக்கிறோம். சரியான உடைப்பு ‘ஹெலிகோ’, ‘ப்டர்’: சுருள், சிறகு. பழங்காலப் பறக்கும் ஊர்வனவான டெரோடாக்டைலில் முதல் எழுத்தாக நின்றும் ஒலிக்காத அந்தப் பி-யும் இந்தச் சிறகுதான்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பொன்மொழி என்ற பொருளில் அபோதெம் என்றொரு சொல் இருக்கிறது. பிரிட்டிஷ் எழுத்தில் பி, எச், டி, எச் முழுதாக இருக்கும், அமெரிக்க எழுத்தில் அந்த நான்கில் பி-யும் முதல் எச்-உம் போய், டி, எச் மட்டும் நிற்கும். போட்டியில் எந்த அகராதியை வைத்துத் திருத்துகிறார்கள் என்று முன்னாலேயே கேட்டுக்கொண்டு போங்கள்.