மர நாற்றுக்கான மண் கலவை: கேள்வி பதில்

கேள்வி: நெல்லும் கரும்பும் செழித்து விளையும் வண்டல் மண்ணையே பையில் நிரப்பினேன். வேம்பு நாற்றுகள் மஞ்சளாகிச் சாகின்றன. காரணம் என்ன?

பதில்: மண்ணில் குறை இல்லை, அது இருக்கும் இடம்தான் மாறிவிட்டது. வயலில் பாயும் நீரை அடியில் உள்ள மண் தொடர்ந்து கீழே இழுத்துக்கொள்கிறது. ஒரு சாண் உயரமுள்ள பையிலோ மண் அத்துடன் முடிந்துவிடுவதால், துளைகள் இருந்தாலும் அடிப்பகுதியில் நீர் தங்கிவிடுகிறது. நாள்தோறும் பூவாளியால் ஊற்றும் நீர் நுண்ணிய களித்துகள்களை மேலும் இறுக்க, காற்றுக்கு இடமின்றி வேர் அழுகுகிறது. நாற்று வாடுவதைக் கண்டு இன்னும் நீர் ஊற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்று கலந்து பாருங்கள். ஈரமான கலவையை உள்ளங்கையில் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தொட்டதும் உதிர வேண்டும்.

கேள்வி: ஆற்று மணல் கிடைப்பதில்லை. எம் சாண்ட் சேர்க்கலாமா?

பதில்: கல்தூள் போகும்வரை அலசிய பிறகே சேர்க்கலாம், தூள்தான் துளைகளை அடைக்கிறது. கருக்கிய உமி கிடைத்தால் நான் அதையே விரும்புவேன்.

கேள்வி: தென்னைநார்க் கழிவு மலிவாகக் கிடைக்கிறது. அதை மட்டுமே பயன்படுத்தினால் போதுமா?

பதில்: பச்சையாக மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதில் தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல ஏறத்தாழ நூறு மடங்கு கரிமம் (கார்பன்) இருப்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நாற்றுக்குரிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்கின்றன. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாக இருந்தால் உப்பும் சேர்ந்து கருக்கும். ஒரு டன் கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து மக்கவைக்கும் முறை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கழிவு கருத்து, மண் வாசனை வந்த பின்னரே கலவையில் சேருங்கள். உப்பு இருக்கும் என்ற ஐயம் இருந்தால் முதலில் நல்ல நீரில் இருமுறை அலசிவிடுங்கள்.

கேள்வி: சந்தன நாற்றுகள் பையில் வளராமல் நிற்கின்றன. உரத்தைக் கூட்டலாமா?

பதில்: வேண்டாம். சந்தனம் பிற செடிகளின் வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும் பாதி ஒட்டுண்ணி மரம். பையிலேயே ஒரு துவரை விதையை ஊன்றுங்கள். துவரை உயர்ந்து நிழலடித்தால் நுனியைக் கிள்ளிவிடுங்கள். துணைச்செடி இல்லாத சந்தனத்தை எந்தக் கலவையாலும் நெடுநாள் தாங்க முடியாது.

கேள்வி: முளைத்த ஒரு வாரத்தில் தண்டு அடியில் கருத்து நாற்றுகள் சாய்கின்றன. மணலை மாற்ற வேண்டுமா?

பதில்: இது மண்வழிப் பூசணத்தால் வரும் நாற்றழுகல். அடுத்த விதைப்புக்கு முன், கோடையில், ஈரமாக்கிய கலவையைத் தாழ்வாகப் பரப்பி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் ஓரம் அடைத்து மூடி நான்கு முதல் ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். பிறகு, நோய்ப் பூசணத்தை அடக்கும் நன்மை செய்யும் பூசணமான டிரைக்கோடெர்மா கலந்த தொழுவுரத்தைச் சேருங்கள். முன்பே சேர்த்தால் அந்த வெப்பத்தில் அதுவும் மடிந்துவிடும்.