வெளி ஓரம் ஏன் வேகிறது?

கேள்வி: கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே (சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாள்) ஓட்டுகிறேன். ஸ்விஃப்ட், சாதாரண ரோடு டயர். பிட்டுக்கு (தடத்தோரம் கார் நிறுத்துமிடம்) வந்ததும் டெம்பரேச்சர் கன்னில் பார்த்தால் முன் இடது டயரின் வெளி ஓரம் 94, நடு 84, உள் ஓரம் 78 டிகிரி. சூட்டில் காற்று 34 பிஎஸ்ஐ. காற்றை ஏற்றியும் வெளி ஓரம் தேய்வது நிற்கவில்லை.

பதில்: இனி காற்றை ஏற்றாதீர்கள். இரண்டு ஓரங்களின் சராசரி 86, நடு 84. இதில் காற்றின் பங்கு ஒரு பிஎஸ்ஐகூட இருக்காது. மேலும் ஏற்றினால் நடுப்பகுதி சூடாகிப் பிடிமானம்தான் போகும். குறை கேம்பரில், அதாவது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணத்தில். திருப்பத்தில் பாடி சாயும்போது டயர் வெளி ஓரத்தின் மேல் ஏறி நிற்கிறது. வெளி ஓரத்துக்கும் உள் ஓரத்துக்கும் உள்ள 16 டிகிரி வித்தியாசம் அங்கிருந்து வருகிறது.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஊசி வைத்த பைரோமீட்டர் (ரப்பருக்குள் குத்திச் சூட்டை அளக்கும் கருவி) ஒன்று வாங்குங்கள். கன் காட்டுவது ரப்பரின் மேல்தோலை. கடைசித் திருப்பத்திலிருந்து பிட்டுக்கு வருவதற்குள் அது ஆறிவிடும். ஊசியை டிரெட் கட்டையில் 3 மி.மீ. இறக்குங்கள், பள்ளத்தில் அல்ல. ஓரத்திலிருந்து 2.5 செ.மீ. உள்ளே தள்ளிக் குத்த வேண்டும். ஆறவைக்கும் லேப் ஓட்டாமல் நேராக பிட்டுக்கு வந்து, அதிகம் உழைத்த டயரை முதலில் அளந்து, ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் போங்கள். நாலு டயரும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் நல்லது.

அதிலும் இதே கணக்கு வந்தால் கேம்பர் போல்ட் போடுங்கள். ஸ்ட்ரட்டையும் (ஷாக் அப்சார்பர் தூண்) நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிணைக்கும் இரண்டு போல்ட்டில் மேலே உள்ளதை எடுத்துவிட்டு, விட்டம் பார்த்து வாங்கிய கேம்பர் போல்ட்டை மாட்டினால் ஒன்று, ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்வது) கிடைக்கும். இது மெலிந்த போல்ட் என்பதால் நழுவக்கூடும். தலையில் பெயின்ட் கோடு போட்டு, ஓட்டி வந்ததும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கேம்பர் மாறினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) மாறும். அதைத் திரும்ப வைக்காமல் ஓட்டினால் உள் ஓரம் டோவினால் சூடாகலாம், கேம்பர் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் குறைத்துவிடுவீர்கள்.

உள் ஓரம் வெளி ஓரத்தைவிட 4 முதல் 8 டிகிரி கூடுதலாக இருந்தால் போதும். சமமாக வர வேண்டியதில்லை. நெகட்டிவ் கேம்பர் வைத்த டயர் நேர்பாதையில் உள் ஓரத்தில்தான் அதிகம் உருளும்.

கேள்வி: பின் டயர்கள் 20 டிகிரி குறைவாக இருக்கின்றன. கவலைப்படலாமா?

பதில்: வேண்டாம். முன்சக்கர இயக்கத்தில் இழுவை, ஸ்டியரிங், பெரும்பங்கு பிரேக் எல்லாம் முன் டயருக்குத்தான். கேம்பரைச் சரிசெய்த பிறகும் திருப்பத்தில் காரின் மூக்கு வெளியே ஓடினால் மட்டும் பின் காற்றை 2 பிஎஸ்ஐ ஏற்றிப் பாருங்கள். முதல் லேப்களில் திருப்பத்தின் நடுவே ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாதீர்கள், பின்பக்கம் வீசும்.